வேட்டை வம்சத்துக் குட்டிக்கு மாஸ்டர் தேடும்போது: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்குநேரி, அம்பை, வள்ளியூர், கங்கைகொண்டான் என்று நம் பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒரு வேட்டை வம்சத்து நாய் நிற்கிறது. பெரும்பாலும் சிப்பிப்பாறை, கன்னி என்கிற ஒல்லி நாட்டு நாய்கள்; இல்லையென்றால் லாப்ரடார். ஐந்தாறு மாதம் வரை செல்லம்தான். அதற்குமேல் வயலில் ஒரு கொக்கு எழும்பினால் போதும், கூப்பிடுகிற குரல் காதில் ஏறாது. அப்போதுதான் "நாய் பழக்க நல்ல மாஸ்டர் யாராவது இருக்காங்களா அண்ணாச்சி?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பிக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிற கேள்விகள் இவை.

பறவை வேட்டையே சட்டப்படி கூடாது. அப்புறம் வேட்டை நாய்க்கு எதற்குப் பயிற்சி?

கூடாது என்பதால்தான் பயிற்சி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, விரட்டி ஓட்டுவது, இதற்கெல்லாம் முயற்சி செய்வது, காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது என எல்லாவற்றையும் வேட்டை என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "கவுதாரி, காடை, முயல் எல்லாம் சின்ன உருப்படிதானே" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அவையும் காப்பில் உள்ளவைதான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பறவை வேட்டைக்குச் சட்டப்படி பருவம் உண்டு. அங்கே பறவை நாயைப் பழக்குகிறவர்கள் மோப்பம் பிடித்து நிற்பதற்கும், புதரிலிருந்து பறவையை எழுப்புவதற்கும், விழுந்ததை மெல்ல வாயில் எடுத்து வருவதற்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கே கடினமான பாடம் வேறு: கண்ணெதிரே பறவை எழும்ப வேண்டும், வெடிச் சத்தம் கேட்க வேண்டும், அப்போதும் நாய் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது அந்த ஒரு பாடம்தான். மற்றதை விட்டுவிடலாம்.

என்னிடம் இருப்பது சிப்பிப்பாறை. பக்கத்துத் தெரு லாப்ரடாருக்கு வருகிற மாஸ்டரே போதுமா?

ஒன்று கேளுங்கள்: அவர் இதற்கு முன் சிப்பிப்பாறையோ கன்னியோ பழக்கியிருக்கிறாரா? இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

லாப்ரடார் பறவைக்காகவே உருவான நாய். நியூஃபவுண்ட்லாந்துப் பக்கத்து மீனவர் நாயிலிருந்து வந்து, பிரிட்டனில் சுட்ட வாத்தைத் தண்ணீருக்குள் போய் எடுத்து வரப் பழகிய வம்சம். மனிதன் கையைப் பார்த்து வேலை செய்வது அதன் ரத்தத்தில் இருக்கிறது. தீனிக்கு மயங்கும். ஒரு பந்தும் நாலு துண்டு அவித்த கோழியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடுகிறவை. முயலுக்குப் பின்னால் விட்ட நாய் பாதி ஓட்டத்தில் திரும்பி எசமானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் முயல் போய்விடும். அதனால் தானே முடிவெடுத்து ஓடுகிற நாயைத்தான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். இன்றைக்கு அது நம் பேச்சைக் கேட்கவில்லை என்று கோபப்பட்டுப் பயனில்லை. இதற்கு அதட்டல் ஆகாது. ஒருமுறை சுணங்கிவிட்டால் நாலு நாள் கிட்டே வராது. ஒரே பாடத்தை இருபது தடவை திருப்பிச் சொன்னால் சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதைத் தெரிந்த மாஸ்டர் மூன்று தடவை செய்ய வைத்து, மூன்றாவது சரியாக வந்ததும் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுவார். தெரியாதவர் "இது மக்கு நாய் சார்" என்பார்.

ராஜபாளையம் வேறு ரகம். அது காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் போன நாய், பறவையைவிட அந்நிய ஆளைத்தான் அதிகம் கவனிக்கும். அதற்கு மாஸ்டர் தேடும்போது கேட்க வேண்டியது கடியைப் பற்றி. இந்தப் பக்கத்தின் விஷயம் அது இல்லை.

எந்த வயதில் அனுப்பலாம்?

வீட்டுப் பாடம் குட்டி வந்த அன்றைக்கே ஆரம்பிக்கலாம்: பெயர் சொன்னால் திரும்புவது, கூப்பிட்டால் வருவது, சோற்றுத் தட்டு வைக்கும்போது பொறுப்பது. இதற்கு மாஸ்டர் வேண்டாம்.

வெளியே மாஸ்டரிடம் அனுப்புவதென்றால் ஆறு மாதம் முடியட்டும். அதற்குள் பால் பல் விழுந்து நிலைப் பல் வந்திருக்கும், தடுப்பூசி வரிசையும் முடிந்திருக்கும். பல் முளைக்கிற நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கட்டையைக் கவ்வ வைத்துப் பழக்குகிறவர் அவசரக்காரர். எலும்பு முற்ற ஒரு வயதுக்கு மேலாகும், பெரிய உடம்பு நாய்க்கு இன்னும் கொஞ்சம் கூட. அதுவரை சுவர் தாண்டுவது, பைக்குக்குப் பின்னால் ஓட்டுவது இதெல்லாம் கூடாது. பைக்கில் சங்கிலியைக் கட்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களைப் பைபாஸில் விடியற்காலை பார்க்கலாம். அவர்களிடம் குட்டியைக் கொடுக்காதீர்கள்.

மாஸ்டரை எங்கே தேடுவது?

கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். பயிற்சிக்குப் போன நாய் எந்த நிலையில் திரும்பி வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும். கழுத்துப் புண்ணும் கால் காய்ப்பும் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊசி போடப் போகிற சாக்கில், நாயோடு காத்திருக்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தாலே இரண்டு மூன்று பெயர் கிடைக்கும். நாட்டு நாய் வளர்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், அவர்களிடமும் விசாரிக்கலாம். ஆனால் குட்டி விற்றவரே "நானே பழக்கித் தருகிறேன்" என்றால் மற்றவர்களைப் பார்க்கிற அதே கண்ணோடு அவரையும் பாருங்கள்.

போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவிலோ ராணுவத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர்கள் நம் மாவட்டத்தில் இந்த வேலை செய்கிறார்கள். ஒழுங்கும் பொறுமையும் உள்ளவர்கள். நேரம் தவற மாட்டார்கள். ஆனால் அவர்கள் காலமெல்லாம் பழகியது லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் போன்ற நாய்களோடு. ஒல்லி நாய் கைக்கு வந்து பழக்கம் உண்டா என்று அவர்களிடமும் கேட்டுவிடுங்கள்.

வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள். வெட்டி ஒட்டிய ஒரு நிமிடத்தில் எந்த நாயும் கெட்டிக்கார நாய்தான்.

சான்றிதழ் காட்டுகிறார். நம்பலாமா?

நாய்ப் பயிற்சிக்கு என்று அரசின் கட்டாய உரிமம் எதுவும் இல்லை. மீரட்டில் ராணுவத்தின் மையத்திலோ, குவாலியர் பக்கம் டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் மையத்திலோ பணிக்காலத்தில் பயிற்சி எடுத்த தாள் என்றால் அதற்கு மதிப்பு உண்டு. கென்னல் கிளப் தாள் நாயின் வம்சாவளிக்கு உரியது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பவருக்குப் பழக்கத் தெரியும் என்று அர்த்தம் ஆகாது.

முதல் தடவை போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குட்டியைக் கூட்டிப் போகாதீர்கள். நீங்கள் மட்டும் போங்கள், அதுவும் காலை ஆறு மணிக்கு. "பத்து மணிக்கு மேல் வாங்க" என்பவரிடம் வேலை நடக்கிற நேரத்தையே பார்க்க முடியாது. நம் ஊர் வெயிலில் பத்து மணிக்கு மேல் நாய் பழக்குகிறவர் கிடையாது, இருந்தால் அதுவே ஒரு பதில்.

முதலில் அவருடைய சொந்த நாயைக் காட்டச் சொல்லுங்கள். கூடத்தில் "சிட்", கை கொடு என்று காட்டுவதெல்லாம் வேண்டாம். குளத்துக்கரைக்கோ அறுத்த வயலுக்கோ கூட்டி வரச் சொல்லுங்கள். தயங்காமல் வந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

அங்கே என்ன பார்ப்பது? கரையில் நடக்கும்போது ஆள்காட்டிப் பறவை ஒன்று கத்திக்கொண்டு எழும்பும். எப்படியும் எழும்பும், அது அதன் குணம். அந்த நொடியில் உங்கள் கண் பறவை மேல் போகக் கூடாது, நாய் மேல் இருக்க வேண்டும். காது முன்னால் விறைக்கும். ஒரு முன்னங்கால் பாதி தூக்கிய நிலையில் நிற்கும். உடம்பின் கனம் முழுக்க முன்னுக்கு வரும், பின்தொடைச் சதை நடுங்கும். அது பாய்வதற்கு முந்தின கணம். பழகிய நாய் அங்கே ஒரு காரியம் செய்யும்: தலை அசையாமல் கண்ணை மட்டும் ஓரத்தில் திருப்பி மாஸ்டரைப் பார்க்கும். போகட்டுமா, வேண்டாமா? அவர் மெல்ல "ம்ம்" என்றோ சின்னதாக விசில் கொடுத்தோ நின்றதும், தூக்கிய கால் கீழே இறங்கும்.

அந்தத் திரும்பிப் பார்க்கிற பார்வைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். உட்காருவது, கை கொடுப்பது, உருளுவது எல்லாம் இனாம்.

பார்வை எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். வாலை ஒடுக்கி, காதைப் பின்னால் ஒட்டி, கண்ணிமை துடிக்கப் பார்த்தால் அது அடிக்குப் பயந்த பார்வை. அப்படிப்பட்ட நாய் மாஸ்டர் கையில் கம்பு இருக்கும்வரை நிற்கும். உங்கள் வீட்டில் உங்கள் பெண் பிடித்து நடக்கும்போது நிற்காது.

அப்புறம் கென்னலைச் சுற்றிப் பாருங்கள். தண்ணீர்ச் சட்டியில் பாசி பிடித்திருக்கிறதா? தகரக் கூரையா, ஓலையா? சித்திரையில் தகரத்துக்குக் கீழே நாய் வெந்துவிடும். கட்டிப் போட்ட நாய்களின் கழுத்தில் பெல்ட்டை விரலால் நகர்த்திப் பாருங்கள். மயிர் உதிர்ந்த வட்டம் இருந்தால் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே கிடக்கிறது என்று பொருள். காது மடலைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கைப் பாருங்கள். உண்ணி அங்கேதான் ஒளியும். நீங்கள் இப்படித் தொட்டுப் பார்ப்பது மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை என்றால், சரி, வணக்கம் சொல்லிக் கிளம்புங்கள்.

என்னென்ன கேட்க வேண்டும்?

நேரடியாகப் பழக்கப் போவது அவரா, சம்பளத்துக்கு நிற்கிற பையனா? ஒரு நாளில் என் நாய்க்கு எத்தனை நிமிடம்? மீதி நேரம் அது எங்கே கிடக்கும்? கூடவே எத்தனை நாய் இருக்கும்? உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த டாக்டர்? வாரம் ஒரு தடவை நான் வந்து பார்க்கலாமா? இதுவரை உங்களால் முடியாமல் திருப்பி அனுப்பிய நாய் உண்டா?

கடைசிக் கேள்வியில்தான் ஆள் தெரியும். நல்ல மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, ஒரு நாயின் கதையைச் சொல்வார். "நம்மகிட்ட வந்து தேறாத நாயே கிடையாது சார்" என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அவர் உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்கிறாரா என்றும் பாருங்கள். வீட்டில் யார் சோறு போடுவது, கட்டிப் போடுகிறீர்களா, கோழி வளர்க்கிறீர்களா, தோட்டத்துக்கு வேலி உண்டா, தாய் நாய் எப்படி என்று கேட்பவர் வேலையை அறிந்தவர்.

அடித்துப் பழக்குவாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கரண்டு பட்டை போடலாமா?

கேட்டால் யாரும் "அடிப்பேன்" என்று சொல்ல மாட்டார். அவருடைய நாய்களுக்கு நடுவே கையைச் சட்டென்று தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், சோம்பல் முறிப்பது போல. எந்த நாய் ஒடுங்குகிறது என்று பாருங்கள்.

ரிமோட்டை அழுத்தினால் நாயின் கழுத்தில் ஷாக் கொடுக்கிற கரண்டு பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் பறவை நாய்க்காரர்கள் பலர் இன்னும் கட்டுகிறார்கள், ஆதரித்துப் பேசவும் செய்கிறார்கள். என் கருத்து நேரானது: நம் ஊரில் வேண்டாம். ரிமோட்டை அழுத்துகிற நொடி தவறினால் நாய் எதைக் குற்றம் என்று எடுத்துக்கொள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது. கொக்கைப் பார்த்தபோது அழுத்த நினைத்து, பக்கத்தில் சைக்கிளில் போன பையனைப் பார்த்தபோது அழுத்திவிட்டால், அன்றிலிருந்து அதற்குச் சைக்கிள்தான் எதிரி. சிப்பிப்பாறை போன்ற தொட்டாற்சிணுங்கி நாய்க்கு அது மறக்கவே மறக்காது.

அதற்குப் பதில் பத்துப் பதினைந்து மீட்டர் நீளக் கயிறு போதும். நைலான் அல்லது பருத்திக் கயிறு. தேங்காய் நார் கையையும் கழுத்தையும் அறுக்கும். கயிற்றைக் கழுத்துப் பெல்ட்டில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுகிறாரா என்று பாருங்கள். முழு வேகத்தில் ஓடுகிற ஒல்லி நாயின் கழுத்தை வெட்டென்று இழுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

"ரத்தம் காட்டினால்தான் நாய் சூடு பிடிக்கும்" என்கிறாரே?

அவர் வேறு தொழிலுக்கு நாய் தயார் செய்கிறவர். ராத்திரி தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முயலுக்குப் போகிற கூட்டம் இன்னும் இருக்கிறது. உங்கள் நாய் அவர்களோடு போய்ப் பிடிபட்டால் வனத்துறையின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். சிறகைக் கட்டிய புறாவையோ கோழியையோ போட்டு நாயை ஏவுவது வதை. அதற்கு 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நம் நோக்கத்துக்கு உயிருள்ள பறவையைக் கட்டி வைக்கத் தேவையும் இல்லை. பிசான நெல் அறுவடை முடிந்த வயலில் பறவைக்குப் பஞ்சமா? தூரத்தில் கயிற்றோடு நின்று, கொக்கு மேய்வதைப் பார்த்தும் பாயாமல் இருந்தால் தீனி. நாளுக்கு நாள் பத்தடி கிட்டே. பாடம் இவ்வளவுதான்.

ஒருமுறை கோழியைப் பிடித்த நாயைத் திருத்த முடியாது என்கிறார்களே?

திருத்தலாம், நாளாகும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிற பழைய வைத்தியம் ஒன்று உண்டு. நாறும், அவ்வளவுதான். பிடித்ததற்கும் கழுத்தில் தொங்குவதற்கும் நாய் முடிச்சுப் போடுவதில்லை.

கோழியைவிட எனக்குக் கவலை வாத்தும் கிடையும். அறுவடை முடிந்ததும் நூற்றுக்கணக்கில் வாத்தை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் மேய விடுவார்கள். ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் அதே சமயத்தில் வருவார்கள். ஓடுகிற கூட்டத்தைப் பார்த்த வேட்டை நாய்க்குப் புத்தி நிலையில் இருக்காது. பஞ்சாயத்து, நஷ்ட ஈடு என்று போய் நிற்கும். கிடைக்காரரின் நாய் உங்கள் நாயைக் கிழித்துப் போட்டாலும் கேட்க முடியாது. எனவே மாஸ்டரிடம் "கோழி, வாத்து, ஆடு, மயில் நாலையும் காட்டிப் பழக்க வேண்டும்" என்று வாயால் சொல்லி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் மயில்தான் கடைசிப் பாடம். அது தத்தித் தத்தி ஓடி, ஆளைப் பார்த்ததும் படபடவென்று இறக்கை அடித்து எழும்பும்போது எந்த நாய்க்கும் மனசு தாங்காது.

வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறது. பழக்க முடியுமா?

வெளிநாட்டுப் பறவை நாய்க்குத் துப்பாக்கிச் சத்தம். நம் நாய்க்குக் கோயில் கொடைத் திருவிழா. சித்திரை, வைகாசி, ஆடி என்று ஊர் மாற்றி ஊர் வேட்டும் மைக்செட்டும் நிற்பதில்லை. அதற்கப்புறம் தீபாவளி.

சரியான முறை தூரத்திலிருந்து தொடங்குவது. சத்தம் லேசாகக் கேட்கிற தொலைவில் விருப்பமான தீனி, விளையாட்டு. நாய் காதை மட்டும் அசைத்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தால் அடுத்த நாள் கொஞ்சம் கிட்டே. எங்கே தின்பதை நிறுத்துகிறதோ அங்கிருந்து பின்வாங்க வேண்டும். "கொடையன்னிக்குப் பந்தலுக்குப் பக்கத்துல கட்டிப் போடுங்க, தானா சரியாயிரும்" என்று ஒரு மாஸ்டர் சொன்னால் அதோடு அவரை விட்டுவிடலாம். அப்படிக் கட்டிப் போட்ட நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு ஊர் தள்ளிக் கிடைத்ததை எல்லாரும் ஒரு தடவையாவது கேள்விப்பட்டிருப்போம்.

ஆறு மாதத்துக்கு மேல் ஒரு பயப் பருவமும் வரும். நேற்றுவரை கண்டுகொள்ளாத சாக்குமூட்டையைப் பார்த்துக் குரைக்கும். அந்த நாட்களில் சத்தப் பாடத்தை நிறுத்தி வைக்கிறவர் விவரமானவர்.

மாஸ்டர் இடத்தில் விட்டுவிட்டு வரலாமா, வீட்டுக்கு வரச் சொல்லலாமா?

வீட்டுக்கு வருகிறவர் கிடைத்தால் அதுவே நல்லது. செலவு கூடினாலும் நாய் பழகுவது உங்கள் வாசலில், உங்கள் குரலுக்கு. ஆனால் டவுனுக்குள் மாடி வீட்டில் இருப்பவர்களுக்குப் பறவைப் பாடம் வாசலில் நடக்காது. அவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது மாஸ்டரோடு வெளியே போக வேண்டும்.

விட்டுவிட்டு வருவதென்றால் சில காரியம் செய்துகொள்ளுங்கள். வெறிநாய்க்கடி ஊசி, மற்றத் தடுப்பூசி எல்லாம் போட்ட அட்டையின் நகல் கொடுங்கள். மற்ற நாய்களின் அட்டையையும் கேளுங்கள். பார்வோ என்கிற கழிச்சல் நோய் ஒரு நாய்க்கு வந்தால் கென்னல் முழுக்க சுற்றும். குளத்துத் தண்ணீரிலும் வயல் சேற்றிலும் இறங்குகிற நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி கட்டாயம். நாயின் நெஞ்சு வெள்ளை, கால் விரல் அடையாளம் தெரிகிற மாதிரி புகைப்படம் எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. நல்ல வம்சத்துக் கடுவனை விட்டுவிட்டு வந்தால், உங்களுக்குத் தெரியாமல் இணை சேர்த்துக் குட்டி விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். பெட்டை என்றால் ஆறாம் மாதத்திலிருந்தே முதல் பருவம் வரலாம். அந்தச் சமயத்தில் நாயை வீட்டுக்கு அனுப்பிவிடுவாரா என்று முன்கூட்டியே பேசி, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்பட வேண்டாம், நாணயமான மாஸ்டர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எத்தனை நாள் ஆகும்? பணம் எப்படிக் கொடுப்பது?

உட்கார், நில், வா என்பதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம். பறவைக்கு முன்னால் நிற்பதற்குக் குறைந்தது மூன்று மாதம், ஒல்லி நாய்க்கு அதற்கு மேலும். "இருபது நாளில் முடித்துத் தருகிறேன்" என்றால் அவர் முடிக்கப் போவது வேறு ஏதோ.

மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். மாதா மாதம் கொடுங்கள், ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நாயை உங்கள் கையில் கொடுத்து நடக்கவைத்துக் காட்டச் சொல்லுங்கள். தீனிச் செலவு, மருந்துச் செலவு தனியா, சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சண்டை பெரும்பாலும் அதில்தான் வரும்.

எந்தெந்த இடத்தில் பழக்கக் கூடாது?

கூந்தன்குளம் பக்கமே போக வேண்டாம். 1994-லிருந்து பறவைகள் சரணாலயம் அது. மங்கோலியாப் பக்கத்திலிருந்து வரித்தலை வாத்து வந்து இறங்குகிற குளம், ஊருக்குள் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுகிறது. ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறவர்கள். உங்கள் நாயைக் கண்டால் சும்மா விட மாட்டார்கள். கங்கைகொண்டானில் 2013-இல் அறிவித்த புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது. வேலி தாண்டி வெளியே வருகிற மானைத் துரத்திய தெருநாய்களால் அங்கே ஏற்கெனவே தலைவலி. பாபநாசம், களக்காடு, மணிமுத்தாறு மலையடிவாரத்தில் புலிகள் காப்பக எல்லைக்குள் நாயோடு நுழையக் கூடாது.

மற்றக் குளங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தண்ணீர்ப் பறவை நிறைந்திருக்கும்போது கரையோடு நின்றுகொள்ளுங்கள், உள்ளே இறக்க வேண்டாம். பங்குனி, சித்திரையில் ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடும். கல்லோடு கல்லாகக் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அந்த இடத்தைவிட்டு விலகிப் போகிறவரே தொழில் தெரிந்தவர்.

வெயில், பாம்பு, கிணறு?

மூன்றையும் மாஸ்டரே முதலில் பேச வேண்டும். பேசவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் காலை ஏழரைக்கு மேல் வேலை கிடையாது. ஓடி நின்ற ஒல்லி நாயின் நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, எச்சில் பிசின்போல் தொங்கினால் உடனே நிழல், வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர், பிறகு டாக்டர். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உள்ள தோட்டத்தில் கயிறில்லாமல் விடக் கூடாது. பறவையைப் பார்த்து ஓடுகிற நாய் தரையைப் பார்ப்பதில்லை. வாழைத் தோட்டத்திலும் வரப்பிலும் கண்ணாடி விரியன் இருக்கும். விஷமுறிவு மருந்து எந்த டாக்டரிடம் இருக்கிறது என்ற தகவல் மாஸ்டர் போனில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயலில் அன்றைக்கு நாயை இறக்கக் கூடாது. உடைமுள் குத்தாத நாய் இங்கே கிடையாது, தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

கட்டளை தமிழிலா, இங்கிலீஷிலா?

எதுவானாலும் வீட்டில் எல்லாரும் ஒன்றையே சொல்ல வேண்டும். மாஸ்டர் "கம்" என்று பழக்க, ஆச்சி "வா ராசா" என்று கூப்பிட்டால் நாய் என்ன செய்யும்? வெளியில் விசில் இன்னும் நல்லது, காற்றிலும் கேட்கும், கோபமும் அதில் தெரியாது. நீளமாக ஒன்று என்றால் நில், சின்னச் சின்னதாக அடுத்தடுத்து என்றால் வா. பறவை நாய்க்காரர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மாஸ்டரிடம் ஒழுங்காக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறதே?

நாய் அவரிடம் பழகியிருக்கிறது, உங்களிடம் பழகவில்லை. கடைசி இரண்டு வாரமும் நீங்கள் அங்கே போய் உங்கள் கையால் கயிற்றைப் பிடித்து நடந்திருக்க வேண்டும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை, மாஸ்டரை உங்கள் வீட்டுக்கு நாலைந்து தடவை வரச் சொல்லுங்கள். அவர் வந்து நாயைப் பிடிக்கக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்து, நீங்கள் பிடிப்பதைப் பார்த்துத் திருத்த வேண்டும். கூப்பிட்டு வந்த நாயை உடனே கட்டிப் போடுகிறீர்களா, வராதபோது ஒரே சொல்லைப் பத்துத் தடவை கத்துகிறீர்களா என்று அவர் இரண்டே நிமிடத்தில் பிடித்துவிடுவார். இதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுங்கள், இதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

பயிற்சி முடிந்தால் கயிறில்லாமல் விடலாமா?

லாப்ரடாரை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், விடலாம். சிப்பிப்பாறையையும் கன்னியையும் நான்குவழிச் சாலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் எந்தக் காலத்திலும் விடாதீர்கள், எவ்வளவு பழகியிருந்தாலும். அது ஓடித் தீர்க்க நாலு பக்கமும் வேலி போட்ட தோட்டம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவிழ்த்து விடுவதற்கு முன் நீங்கள் ஒரு சுற்று நடந்து, மயில் எதுவும் உள்ளே மேய்கிறதா என்று பார்த்துவிட்டு அவிழ்க்கலாம்.